சாலையோரத்துப் பச்சை

மழை விட்டு ஒரு வாரம் கழித்து, உபதேசியார் குருபாதம் தன் புஞ்சை வரப்பில் வந்து நின்றார். சாலையை ஒட்டிச் சோளம் இளம்பச்சையாக முளைத்திருந்தது. அதற்கு உள்ளே, ஓடைவரைக்கும் வெறும் கரிசல். கறுப்புச் சேலைக்குப் பச்சைக் கரை வைத்ததுபோல இருந்தது. கோவில்பட்டி பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடக் கண்ணில் படும்.

கரிசல் காட்டில் மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிட வேண்டும். பெய்தபிறகு மண் காலைப் பிடித்துக்கொள்ளும், ஏர் இறங்காது. அதனால் புரட்டாசியில் சபையார் எல்லாரும் விதைப்பெட்டிகளை வேதக்கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணிக் கொடுப்பார். நயா பைசா புழக்கத்துக்கு வந்த அந்த வருசமும் அப்படித்தான் நடந்தது. பூமி இருக்கும்வரை விதைப்பும் அறுப்பும் ஓயாது என்று கர்த்தர் நோவாவுக்குக் கொடுத்த வாக்கை வைத்து குருபாதம் பிரசங்கம் பண்ணினார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பிரசங்கம். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்து உபதேசியார் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. முந்தின வருசம் விதை பூராவும் புழுதியோடு போனதும், வீட்டில் உலை வைக்காத நாட்களும் நினைவுக்கு வந்தன. ஊர் பார்க்கிற இடத்தில் மட்டும் விதைத்துவிட்டு, உள்ளே வெறும் ஏரை ஓட்டினார். மிச்ச விதை அடுக்களைப் பானைக்குள் போய்விட்டது.

மழை இல்லாவிட்டால் எல்லார் காடும் ஒன்றுபோலத்தான் கிடக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர் நினைப்பு. ஜெபம் பண்ணின மனுசனே அது கேட்கப்படாது என்று நம்பியிருந்தார். மழையோ பெய்து தொலைத்தது.

பக்கத்துக் காடு பாலம்மாளுடையது. புருசன் செத்தபிறகு வேதத்துக்கு வந்தவள். கிறிஸ்மசுக்கு ஞானஸ்நானம் எடுக்க இருந்தாள். கொழுந்தன்மார் வீட்டில் அதனால் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, கஞ்சிக்கு வைத்திருந்த சோளத்தையும் சேர்த்து விதைத்துவிட்டாள். இப்போது அவள் காடு முழுக்கப் பச்சை.

"என்னய்யா, இப்படிக் கெடக்கு? எறும்பு கொண்டுட்டுப் போயிட்டா?" என்று தன் வரப்பிலிருந்து கேட்டாள்.

"ஆமா, எறும்புதான்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் அவள் ஓர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "வீட்டுக்கொரு பிடி வெத வாங்கிட்டு வந்தேன்யா. மண்ணு காஞ்சிட்டு. இப்பம் போட்டாலும் கார்த்திகை மழைக்கு வந்துரும். எங்களுக்கு நீங்க ஜெபம் பண்ணுனீய. உங்களுக்கு நாங்க பண்ணுதோம்."

சபை முழுவதும் முழங்கால் போட்டது. சபையின் இளவட்டம் செண்பகராஜ் உருகி உருகி ஜெபித்தான். எறும்புகளைக் கடிந்துகொள்ளும்படி கர்த்தரிடம் மன்றாடினான். குருபாதத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. மனைவி அன்னபாக்கியம் கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை. பானையில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் போனபிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தார். பாலம்மாள் அங்கே நின்றிருந்தாள்.

"எறும்பு கொண்டு போவல பாலம்மா," என்றார். "நான் வெதைக்கவே இல்ல. வீட்டுப் பானைக்குள்ள இருக்கு."

அவள் பெட்டியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பம், அன்னைக்கு நீங்க வாசிச்சது?"

"அது மெய்தான். உன் காட்டப் பாரு. நான்தான் நம்பல."

பாலம்மாள் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது குடுத்தவிய வீட்டுக்கே போவட்டும். நீங்க உங்க பானைய எடுத்துட்டு வாங்க. அம்புட்டையும்."

மறுநாள் காலையில் குருபாதம் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியாகவே நடந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கத்தான் செய்தது. வாசலில் நின்ற செண்பகராஜ் பானையைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அன்றும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சாலையோரத்துப் பச்சையை மிதிக்காமல் தாண்டி, கரிசலுக்குள் இறங்கினார். பாலம்மாள் தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிடி பிடியாக வீசிக்கொண்டே ஓடைவரைக்கும் போனார். அங்கே பானையைக் கவிழ்த்து, தூரில் ஒட்டியிருந்ததையும் தட்டி உதிர்த்தார்.