தோய்க்க வராத கையுறை

என்ரை மனுசன் பூபாலசிங்கம் பிரெஞ்சு ஜனாதிபதியின்ரை மாளிகையிலை வேலை செய்தவர். இதைச் சொன்னால் பாரிஸ் லா சப்பலிலை இருக்கிற எங்கடை சனம் கண்ணை விரிக்கும். விரியாதையுங்கோ. முதல் விருந்துகளிலை தட்டம் ஏந்தினவர், பேந்து கோப்பை கழுவினவர். ஜனாதிபதிமார் மாறிச்சினம், கோப்பை மாறேல்லை.

எண்டாலும் எங்கடை சனத்துக்கு அது காணும். பூசாரியைப் பிடிச்சால் சாமி வரம் தரும் எண்ட நினைப்பு. விசா இழுபட்டவை, வதிவிட காட் கிடைக்காதவை எல்லாரும் எங்கடை சாப்பாட்டுக் கடைக்கு வந்து ரோல்ஸைத் திண்டுபோட்டு, அண்ணை ஜனாதிபதியிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோவன் எண்டு நிப்பினம். இவர் சிரிச்சுப்போட்டு உள்ளுக்கை போயிடுவார். மற்றவைக்குச் சிரிச்சது பரவாயில்லை. எனக்கும் அதைத்தான் செய்தவர்.

என்ரை தம்பி தவசீலன் ஊரை விட்டு வெளிக்கிட்டு வரேக்கை பாங்கொக்கிலை பிடிபட்டு மறியலிலை கிடந்தவன். ஊருக்குத் திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு கதை. எனக்குத் தண்ணி கூட இறங்கேல்லை. அந்தாளுக்குப் பக்கத்திலை நிண்டு சூப் ஊத்துறியள், வாயைத் திறந்து ஒருக்காக் கேளுங்கோவன் எண்டு இவரிட்டை அழுதன். கொஞ்ச நாள் பேசாமல் திரிஞ்சுபோட்டு, "நான் கேக்கேல்லை, அது சரிவராது" எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. திட்டிக்கொண்டே சமைச்சன், திட்டிக்கொண்டே திண்டன். தம்பி பட்ட பாடெல்லாம் பட்டு ஒருமாதிரி லண்டன் போய்ச் சேர்ந்தான். அத்தானோடை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டான்.

இப்ப எங்கடை மகள் கஜனிக்கு வாற மாதம் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் என்ன மணவறை? போன் எடுத்தால், வாயிலை கொழுக்கட்டை வைச்சிருந்த மனுசன்ரை வீட்டுப் படி மிதியேன் எண்டுறான். அவன் சொல்றது எனக்கும் பிழையாத் தெரியேல்லை, அதுதான் கரைச்சல்.

இந்த நேரத்திலைதான் ஷார்லோத் எண்ட பிள்ளை வந்தவா. மாளிகையிலை வேலை செய்து பென்சன் எடுத்த ஆக்களின்ரை ஞாபகங்களைக் குரலிலை பதிஞ்சு வைக்கிறது அவவின்ரை வேலையாம். இவர் தமிழிலை சொல்ல நான் பிரெஞ்சிலை சொல்லவேணும். கடைக்குப் பின்னாலை இருந்தம். வந்ததும் வராததுமா பிரிட்ஜை நிப்பாட்டச் சொன்னா, இரைச்சலாம். மீன் பழுதாப்போனால் ஆர் பொறுப்பு எண்டு கேட்டுப்போட்டுத்தான் நிப்பாட்டினனான்.

இவர் வலு உசாராக் கதைச்சார். எந்தப் பக்கத்தாலை பரிமாறுறது, சத்தம் கேளாமல் எப்பிடி நடக்கிறது, அவை கேட்டால் ஒழிய வாய் திறக்கக்கூடாது எண்டதெல்லாம் சொன்னார். வீட்டிலை முழு வசனம் பேசாத மனுசன்! வெள்ளைக் கையுறை போடவேணும் எண்டும் சொன்னார். அது எனக்குத் தெரியாதே? கிழமைக்குக் கிழமை தோய்ச்சு மினுக்கிக் குடுத்தது நான்தானே. பேந்து ஒரு கிழமை கையுறை வரேல்லை, அதுக்குப் பிறகும் வரேல்லை. அங்கையே தோய்க்கினம் எண்டார். சனியன் விட்டுது எண்டு சந்தோசப்பட்டன்.

ஷார்லோத் கேட்டா, விருந்து மண்டபத்தை விட்டிட்டு ஏன் கோப்பை கழுவப் போனனீங்கள் எண்டு. நான் அதைத் தமிழிலை மாத்திச் சொன்னன். இவர் என்னைப் பாக்கேல்லை. தன்ரை உடைஞ்ச பிரெஞ்சிலை நேரை அவவுக்கே சொன்னார்.

ஒரு விருந்து முடிய, அப்ப இருந்த ஜனாதிபதி வேலையாக்களுக்குக் கை குடுக்க வந்தாராம். வணக்கம் சொல்லிப்போட்டு விலகவேணும். இவர் விலகேல்லையாம். மனுசியின்ரை தம்பி மறியலிலை, ஒரு உதவி செய்யுங்கோ எண்டு கேட்டிட்டாராம். ஜனாதிபதிக்குப் பக்கத்திலை நிண்ட அதிகாரி தம்பியின்ரை பேரை எழுதினாராம். பிறகு இவரைக் கூப்பிட்டு, சட்டத்திலை இடமில்லை எண்டு மரியாதையாத்தான் சொன்னவையாம்.

"அதுக்குப் பிறகு அந்த மேசைக்குச் சூப் ஊத்த எனக்குக் கை வரேல்லை. கையுறையைக் குடுத்துப்போட்டு, கீழை கோப்பை கழுவ விடச் சொல்லி நான்தான் கேட்டனான்."

ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள் எண்டு கேட்டன். இவர் இப்ப தமிழுக்கு வந்தார்.

"கேட்டு, இல்லை எண்டிட்டினம் எண்டால் நீர் அண்டைக்கே சாப்பாட்டை விட்டுப் படுத்திருப்பீர், திலகம். நான் கேக்கேல்லை எண்டால் என்னிலை கோவம்தானே. கோவத்தோடை எண்டாலும் சாப்பிட்டனீர்."

கோதாரியிலை போற மனுசன் எண்டு திட்டத்தான் வாய் உன்னிச்சுது. அழுகைதான் வந்துது. ஷார்லோத் பதியிறதை நிப்பாட்டட்டோ எண்டு கேட்டா. நிப்பாட்டவேண்டாம் எண்டன். அங்கையே இருந்து தம்பிக்குப் போன் எடுத்தன். எடுத்த உடனை, வரமாட்டன் எண்டு சொன்னனான் எல்லே எண்டு தொடங்கினான்.

"தம்பி, அத்தான் உனக்காகக் கேட்டவர்" எண்டன். நடந்ததை ஒண்டும் விடாமல் சொன்னன், கையுறையையும் சொன்னன்.



"போனை அத்தானிட்டைக் குடுங்கோ அக்கா" எண்டான்.