வெந்நீரில் முக்கிய பலூன்கள்

ஜீவரத்தினம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் தன் பெயர் அச்சாக வேண்டும். அண்டார்க்டிகாவில் பதினாலு மாதம் கிடந்து, சூரியனே தலைகாட்டாத இரண்டு மாதத்திலும் மூக்கு நுனி மரத்துப்போக, நாற்பது பலூன் பறக்கவிட்டவன் அவன். மேலதிகாரி டாக்டர் ஏகநாதன் அத்தனை நாளும் தாம்பரம் வானிலை ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"போய்ட்டு வா ஜீவா. டிப்ளமோக்காரன் பேரும் என் பேருக்குப் பக்கத்துல வரும்" என்று வழியனுப்பியவரும் அவர்தான்.

துருவக் குளிர்காலத்தில், இருபது கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பலூனுக்குக் கீழே தொங்கிய கருவி, எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு என்றது. ஏகநாதன் தலைகால் புரியாமல் ஆடினார். 1993 டிசம்பரில் டெல்லிக் கருத்தரங்கு. கட்டுரையில் இரண்டு பெயர்களும் தட்டச்சாகிவிட்டன.

கருத்தரங்குக்குப் பத்து நாள் முன்பு, கருவி ரேடியோவில் அனுப்பியதைத் தரையில் பேனா வரைந்த பதிவுக் காகிதங்களைக் கட்டிவைக்கும்போது ஒரு சுருள் மட்டும் பருமனாக இருந்ததை ஜீவரத்தினம் கவனித்தான். பலூன் வெடித்ததும் பதிவை நிறுத்து, காகிதத்தை வீணாக்காதே என்பது ஏகநாதனின் உத்தரவு. அன்றைக்கு மட்டும் காய்ச்சலில் நிறுத்த மறந்திருக்கிறான். கருவி பாராசூட்டில் இறங்கும்போதும் பேனா கோடு போட்டிருந்தது. ஏறும்போது ஈரம் காட்டிய அதே உயரம், இறங்கும்போது வறண்டு கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. குளிரில் ரப்பர் விறைத்துவிடும் என்று ஒவ்வொரு பலூனையும் வெந்நீரில் முக்கித்தான் விட்டான். தாம்பரத்தில் பழைய பலூன்களுக்குச் செய்கிற வழக்கம் அது. அங்கேயும் அப்படியே செய் என்று எழுதிக் கொடுத்தவரும் ஏகநாதன்தான். பலூன் தோலில் ஒட்டிய ஈரம் கூடவே மேலே போயிருக்கிறது; பலூன் வெடித்ததும் அந்த ஈரமும் போய்விட்டது. பாவி, பதினாலு மாதம் உயிரைக் கொடுத்து, தான் காய்ச்சிய வெந்நீரையே அளந்துவிட்டு வந்திருக்கிறான்.

இரும்புலியூர் வீட்டில் மனைவி தபீதாளிடம் சொன்னான். அவள் பள்ளிக்கூட டீச்சர்.

"வாய மூடிக்கிட்டு இருங்க. முதல்ல பேரு வரட்டும்" என்றாள்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் ஏகநாதனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் முகம் வெளிறியது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் ஒய்ஃபுக்கு மட்டும்தான் சார்."

"பெரிய மனசுய்யா உனக்கு. நான் பாத்துக்கறேன்" என்று தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நம்பி, அசடு, லேசான மனசோடு வீட்டுக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்து, கருத்தரங்குக் கட்டுரைகளின் அச்சான தொகுப்பு வந்தது. கட்டுரை வேறாகியிருந்தது. பலூன் அளவீட்டில் நுழைந்த பிழையை நுட்பமாகக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஏகநாதன். டெல்லியில் ஒரே கைதட்டலாம், அடுத்த பயணத்துக்கு அவரே தலைவராம். ஜீவரத்தினத்தின் பெயரும் இருந்தது, கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்பில். பலூன்களை வெந்நீரில் முக்கியதும், பதிவைப் பாதியில் நிறுத்தியதும் ஊழியர் ஜீவரத்தினம் யாரையும் கேட்காமல் செய்தவை என்று.

தபீதாள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அவரு கையெழுத்துப் போட்ட உத்தரவு இருக்குமே, அது எங்க?"

அவன் தொகுப்பை வாங்கி மூடிவைத்தான்.

"ஆதாரமா இருக்கட்டும்னு, அந்தச் சுருளோட சேத்து நானே அன்னிக்கு அவர் டேபிள்ல வெச்சுட்டு வந்துட்டேன்."