வெள்ளிக்கிழமைச் சாம்பல்முதுகன்

அசேலி கிஸ்க்ளேருக்கு அந்த டிசம்பரில் வேண்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வந்த கொனொலி சாமியார் பாஸ்டன் பக்கத்துக்காரர். ஓடையின் இரண்டு கரைகளுக்கும் அவர் ஒருவர்தான். ஒரு கரையில் ஞாயிறு பூசை, மற்றதில் வெள்ளி பூசை என்று முடிவு செய்திருந்தார். எந்தக் கரைக்கு எது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு யார் வருவார்கள்? இறால் வலை இழுக்கிறவன் வலையை விட்டு வருவானா? அசேலி தன் கையால் வெள்ளையடித்த கோயிலில் காது கேளாத இரண்டு கிழவிகளும் அவளும்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போட்டி எதிர்க்கரைக்காரர்களோடு. அதாவது அவளுடைய அண்ணன் பெண்டாட்டி ஃப்ரோசினோடு. ஃப்ரோசின் போன வெள்ளிக்கிழமை சாமியாருக்கு நண்டு அவித்துப் போட்டுவிட்டு, "சாமி விரலைக்கூட விடலையே, நக்கிட்டாரு!" என்று கரையெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இந்த வெள்ளி அசேலியின் முறை.

முறை வந்த நேரம் பார்த்து வடகாற்று. ஓடைத் தண்ணீரை வாரிக் கடலுக்குள் தள்ளிவிட்டது. படகுகளெல்லாம் குடித்தவன் மாதிரி சேற்றில் சாய்ந்து கிடந்தன. நண்டு இல்லை, சிப்பி இல்லை, மீன் மருந்துக்கும் இல்லை.

"டப்பா மீன் இருக்கே," என்றான் அவள் புருஷன் ஓவீத்.

"உன் மச்சான் பொண்டாட்டி நண்டு போடுவா, நான் டப்பாவத் தொறந்து வைக்கவா? அவ சிரிக்கிற சிரிப்பு இங்க வரைக்கும் கேக்கும்."

"அப்ப சாம்பல்முதுகன்தான்."

"அது உன் வாயால வரட்டும்னுதான் நேத்துலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். எந்திரி."

சாம்பல்முதுகன் என்றால் குளிருக்கு ஏரியில் வந்து இறங்கும் வாத்து. முங்கி இரை எடுக்கும் சாதி. வெள்ளிக்கிழமை கறி தின்றால் பாவம் என்று திருச்சபை சொல்வதை ஓடைக் கரையில் யாரும் மறுத்ததில்லை. மேலே மிதந்து புல் மேய்கிற வாத்து கறி, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாம்பல்முதுகன் மீன். தண்ணீருக்கு அடியில் போகிறது, மீன் தின்பதைத் தின்கிறது, பிறகு என்ன? வெள்ளிக்கிழமைகளில் அதை யாரும் சுடுவதுகூட இல்லை. "பிடிக்கப் போறேன்" என்பார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான்.

புருஷன் நல்லதாகப் பார்த்துப் பிடிப்பான் என்ற நம்பிக்கை அசேலிக்குக் கிடையாது. அவளும் கூடப் போனாள். தோணியைச் சேற்றில் தள்ளி ஏரிக்குக் கொண்டுபோவதற்குள் இருவருக்கும் முழங்கால் வரை கறுப்பு. பறந்து வரும் கூட்டத்தை ஏமாற்றி இறக்கப் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு நாணலுக்குள் குனிந்து உட்கார்ந்தார்கள். மற்ற வாத்துகள் மேலே நாலு சுற்றுச் சுற்றி, வேவு பார்த்து, பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் மாமியார் மாதிரி யோசிக்கும். சாம்பல்முதுகனுக்கு அந்தச் சந்தேகப் புத்தி இல்லை. காற்றோடு தண்ணீரை உரசிக்கொண்டு நேரே வந்துவிடும்.

வந்தது ஒரு கூட்டம். ஓவீத் எழுந்து சுட்டான். மூன்று விழுந்தன. நாலாவது அடிபட்டும் முங்கிவிட்டது.

"விடாத, விடாத! அடியில கோரையக் கவ்விக்கிட்டுக் கெடந்துடும். தலையத் தூக்குறப்பப் போடு!"

"சத்தம் போடாம இரேன்டி, அதுக்குக் காது இருக்கு."

"மீனுக்கு ஏது காது?"

தலை தெரிந்தது, ஓவீத் போட்டான். வெயில் ஏறுவதற்குள் பானைக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. அசேலி ஒவ்வொன்றின் நெஞ்சையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரிக் கொழுப்பு. மெலிந்த ஒன்றை ஓவீத்தின் மடியில் போட்டு, "இத நீ தின்னு," என்றாள்.

தோலை உரித்துச் சமைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொழுப்பில் சேற்று வாடை வரும் என்பார்கள். அவர்கள் ஏரி அப்படி இருக்கலாம். இங்கே நீர்ப்புல்லும் குட்டி நத்தையும் தின்று கொழுத்த பறவையின் தோலை உரிப்பவளை மாமியார் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். அசேலி இறகைப் பறித்தாள், தீயில் வாட்டினாள், துண்டு போட்டாள். மாவை எண்ணெயில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை கிளறி, வெங்காயத்தைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, வாத்தைப் போட்டு மூடினாள். மத்தியானத்துக்குள் குழம்பின் மேல் பொன்னாகக் கொழுப்பு மிதந்தது. கறி எலும்பை விட்டுத் தானே கழன்றது. வாசனை கரையோரம் போனதில், பக்கத்து வீட்டு க்ளேலி உப்பு கடன் வாங்க இரண்டு தடவை வந்துவிட்டாள்.

சாமியார் வந்தார். ஒல்லி, காது நுனி குளிரில் சிவந்திருந்தது. கரைக்காரர்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சை அவர் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். சோற்றின் மேல் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"அம்மணி, இஃது எவ்வகை மீன்?"

"சாம்பல்முதுகன், சாமி."

"மிகவும் சுவையான மீன். ஈரலைப் போன்ற ஆழ்ந்த ருசி, ஆனால் மென்மை."

இரண்டாவது கிண்ணமும் காலி. விரலை நக்கவில்லைதான், ஆனால் ரொட்டியால் கிண்ணத்தை வழித்தார். அசேலி மனசுக்குள் ஃப்ரோசினுக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது கிண்ணத்தில் கடக்கென்று ஒரு சத்தம். சாமியார் வாயிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். கடுகளவு ஈயக் குண்டு. அது உருண்டு உப்புக் கிண்ணத்தில் முட்டி நின்றது.

"எங்கள் ஊரில் மீனைச் சுடுவதில்லை," என்றார்.

அதுவரை தன் கிண்ணத்தில் கை வைக்காமல் விருந்தாளி முடிக்கட்டும் என்று காத்திருந்த ஓவீத் முந்திக்கொண்டான். "வலையில கட்டுற ஈயம், சாமி. சில சமயம் மீன் முழுங்கிடும்."

பொய் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. சாமியார் நம்பத் தயாராகவும் இருந்தார். கரண்டி அவர் கையிலேயே இருந்தது. அசேலி பேசாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் மடியில். ஆனால் பொய்யால் வாங்கின பூசையில் எந்த முகத்தோடு முட்டி போடுவது?

"இல்ல சாமி. சுட்டதுதான். அது வாத்து. ஆனா முங்குற வாத்து. எங்க அப்பா காலத்துலேருந்து எங்களுக்கு அது மீன்தான். ஏமாத்தணும்னு செய்யல."

"இறகு உண்டா?"

"இருந்துச்சு சாமி. பறிச்சிட்டேன்."

சாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். உதடு துடித்தது; கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"இது கறி என்று இதுவரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் உண்டது பாவமாகாது. இப்போது நம் இருவருக்கும் தெரிந்துவிட்டது. இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். சீக்கிரம்."

அசேலி எடுத்தாள். போயிற்று ஞாயிறு என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை பூசையை எத்தனை மணிக்கு வைத்தால் இக்கரைக்கு வசதி?" என்றார் சாமியார் பின்னாலிருந்து.

"ஞாயித்துக்கிழமையா? இங்கயா?"

"வெள்ளிக்கிழமை நான் இவ்வீட்டுக்கு எப்படி வருவது? இதே பானை அடுப்பில் இருக்கும். நான் திடமான மனிதன் அல்லேன், அம்மணி. அக்கரையில் நண்டு இருக்கிறது. நண்டால் எனக்கு ஆபத்தில்லை. ஞாயிற்றுக்கிழமை இது வாத்தாகவே இருக்கலாம்."

ஓவீத் தன் கிண்ணத்தைப் பார்த்தான், சாமியாரைப் பார்த்தான். "சாமி, எனக்கும் இப்பத் தெரிஞ்சுபோச்சா?"

"உங்களுக்கும்தான்."

"நான் இன்னும் ஒரு வாய்கூட வைக்கலியே!"

"முட்டை இருக்கு, பொரிச்சுக்க," என்று சொல்லிவிட்டு, அசேலி பானையை மூடி ஓரமாகத் தள்ளினாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் சன்னலுக்கு ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் க்ளேலி மூன்றாவது தடவையாக உப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

"ஏ க்ளேலி! ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்குப் பூச! எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வா! எங்க அண்ணிகிட்டயும் சொல்லு... வேணாம், அத நானே போய்ச் சொல்லிக்கிறேன்!"