எண்ணெய்க் கோடு

சடையங்குப்பத்தில் பட்டம்மாள் வீட்டுக்குள் யார் போனாலும் குனிந்துதான் போக வேண்டும். நிமிர்ந்தால் கூரை ஷீட் மண்டையில் இடிக்கும். கூரை இறங்கவில்லை, தரைதான் ஏறியிருந்தது.

ஏற்றியது அவளேதான். இரண்டு வருஷம் முன்னால், கம்பெனி எண்ணெய் கலந்து வந்த வெள்ளம் வடிந்தபோது சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கருப்பாய் ஒரு எண்ணெய்க் கோடு நின்றது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. சனியன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவள், அதையே அளவாக வைத்துக்கொண்டாள். மணலியில் கம்பெனியைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வரும்போதெல்லாம், இடித்த கட்டடத்து ரப்பீஸ் ஒரு சாக்கு அவள் தலையில் வரும். கொட்டுவாள், மிதிப்பாள், மேலே சிமெண்ட் பூசுவாள். தரை விரல் விரலாகக் கோட்டை நெருங்கியது.

தெருவும் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டு ஜானட் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி வீட்டையே தூக்கிக் கட்டினாள். பக்கத்து வீட்டு மாசானமும் கட்டினான். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள்.

"யக்கா, ரோடு உன் வாசப்படிய தாண்டி ஏறிகினு கீது. கொஞ்சம் சுத்தி பாரு," என்றாள் ஜானட்.

"இன்னாத்துக்கு? உன் வூட்ட பாத்தா எனக்கு வயிறுதான் எரியும். போன வர்சத்துக்கு இந்த வர்சம் நான் எவ்ளோ ஏறிக்கிறேன், அத்த மட்டும் பாத்தா போதும். என் கோடு எனக்கு."

வாழ்நாள் பூரா அக்கம்பக்கத்தைப் பார்த்துப் பொருமியவள்தான் அவளும். அந்தக் கோடு வந்தபிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள், பாவி.

ஐப்பசியில் கோடு தரைக்குள் புதைந்தது. அன்றைக்கே கேசரி கிண்டித் தெருவுக்குக் கொடுத்துவிட்டு மருமகனுக்கு போன் போட்டாள். மகள் யசோதராவின் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஊர் வழக்கம் அது, அவள் ஆசையும் அதுதான்.

"அத்த, தண்ணி வந்துச்சுன்னா நான் இட்டுகினு போய்டுவேன்," என்றான் அறிவு.

"வரட்டும் மாப்ள, அப்பறம் பேசு!"

வளைகாப்பு முடிந்து, எட்டு மாச வயிற்றோடு யசோதரா குனிந்து உள்ளே வந்தாள்.

பத்தாம் நாள் மழை பிடித்தது. கோடு விழுந்த வருஷம் பெய்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் மூன்றாம் நாள் காலையில், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் வாசல் வழியாகத் திபுதிபுவென்று இறங்கியது. பட்டம்மாள் குண்டானால் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் அவள் கண்முன்னாலேயே திரும்பி வந்தது. யசோதரா கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஷீட் இடித்ததால் அங்கேயும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யம்மா, எனக்குப் பயமா கீதும்மா."

முழங்கால் தண்ணீர் ஆனபோது அறிவு வந்தான். மனைவியைத் தூக்கிக்கொண்டு போய் ஜானட் வீட்டுப் படியில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடப் போனான். பின்னாலேயே படியேறிய பட்டம்மாள், அங்கே நின்று முதல்முறையாகத் தன் வீட்டைப் பார்த்தாள். ஐயோ, அவ்வளவு கீழே இருந்தது. ஜானட் வீடு காய்ந்திருந்தது, மாசானம் வீடும் காய்ந்திருந்தது. ரோட்டில் கணுக்கால் தண்ணீர்தான், அதுவும் அவள் வாசலைப் பார்த்தே ஓடியது. அவள் ஏறியது பொய்யில்லை, கழுத்து எலும்பு தேயத் தேய ஏறியிருந்தாள். நேற்று அவள் எங்கே இருந்தாள் என்று தண்ணீருக்குத் தெரியுமா என்ன? இன்றைக்கு யார் வீடு பள்ளம் என்றுதான் அதற்குத் தெரியும்.

"நீயும் வாம்மா," என்றாள் யசோதரா ஆட்டோவிலிருந்து.

"போ கண்ணு. புள்ளயோட நீ நல்லாருந்தா போதும்."

நாலு நாளில் தண்ணீர் வடிந்தது. சுவரில் புதுக்கோடு, புதுத்தரையிலிருந்து மறுபடி முழங்கால் உயரத்தில். பட்டம்மாள் குந்தி உட்கார்ந்து கோட்டிலிருந்து ஷீட்வரைக்கும் சாண் வைத்துப் பார்த்தாள். அதுவரைக்கும் ஏற்றினால் அந்த வீட்டில் குந்திக்கொண்டுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து, சாக்கு இல்லாமல், வெறுந்தலையோடு வீடு திரும்பினாள்.