நாத்தனார் தோட்டத்துக் கீரை

பள்ளிக்கூடச் சமையல்காரி சொன்னது சின்னப் பொய்தான். நல்ல மனசோடு சொன்னால் பொய் கெட்டுப்போகாது என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

அந்தத் தீவுக்கு உப்பு முதல் ஊசி வரை எல்லாமே கப்பலில்தான் வரும். கடல் கொந்தளித்தால் கடை அலமாரிகள் பல்லிளிக்கும். பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கான காய்கறியையாவது இங்கேயே விளைவிப்போம் என்று ஊர்க்காரர்கள் கூடி முடிவெடுத்தபோது, முதலில் கை தூக்கியவள் சமையல்காரியின் நாத்தனார். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை போக, மிச்ச நேரமெல்லாம் மணலில் உரம் கொட்டிக் கீரை வளர்த்தாள்.

முதல் நாள் கீரையை நாலு தண்ணீரில் அலசியும் மணல் போகவில்லை. பிள்ளைகள் ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டார்கள். காலிக் கூடையை எடுக்க வந்த நாத்தனார், நகக்கண்ணில் மண்ணோடு வாசலில் நின்றாள்.

"பிள்ளைங்க சாப்பிட்டாங்களா, அண்ணி?"

"தட்டை நக்காத குறைதான்," என்று சொல்லிவிட்டாள் சமையல்காரி.

சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? மறுநாளிலிருந்து கப்பலில் வந்த ஃப்ரீசர் காய்கறிப் பாக்கெட்டுகளைப் பிரித்து வேகவைத்தாள். கீரையைப் பொடியாக நறுக்கி, காய்த் தோலோடு கலந்து, கழிவுத் தொட்டியில் போட்டாள். அந்தத் தொட்டி வாராவாரம் நாத்தனாரின் உரக்குழிக்கே போனது. உங்கள் சமையலறைக் கழிவு மாதிரி உரம் எங்கும் கிடைக்காது என்று நாத்தனார் மெச்சும்போதெல்லாம் சமையல்காரிக்குச் சுருக்கென்று குத்தும்.

நாலாவது மாதம், நறுக்கவும் நேரமில்லாத ஒரு நாள், நாலு கீரைக்கட்டுகளைக் கயிறுகூட அவிழ்க்காமல் அப்படியே தொட்டிக்குள் அமுக்கினாள். அன்று மாலைதான் நாத்தனார் வாயெல்லாம் பல்லாக வந்தாள். படகுத்துறை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம். பக்கத்து நிலத்தையும் சேர்த்து முழுநேரமும் கீரைதானாம். போகும்போது அந்த வாரக் கழிவுத் தொட்டியையும் கையோடு எடுத்துப் போனாள்.

சமையல்காரி அன்று இரவு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த வாரத்துக்குள் என்றால் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். மறுநாள் தோட்டத்துக்கே போனாள். நாத்தனார் உரக்குழி ஓரத்தில், நீலக் கயிறு அவிழாத கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தான்தான் எங்கேயோ தவறவிட்டிருப்பதாகத் தன் ஞாபக மறதியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் சமையல்காரியால் தாங்க முடியவில்லை. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடும்படி கெஞ்சினாள்.

நாத்தனார் கீரைக்கட்டின் நீலக் கயிற்றை அவிழ்த்தாள்.

"மண்ணு கரகரன்னு இருந்துச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணி. மழை அடிச்சு மணல் தெறிக்குது, அவ்வளவுதான். செடி அடியில காஞ்ச புல்லைப் பரப்பினா போச்சு. ஒரு நாள் வேலை."

அவள் கத்தியிருந்தால்கூடச் சமையல்காரிக்குத் தேவலை என்று இருந்திருக்கும். கடிதத்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. திரும்ப வாங்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்த கீரை ஒரே அலசலில் சுத்தமானது. பிள்ளைகள் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சமையல்காரி கூடையைக் கழுவி வைத்துக்கொண்டு, அந்தப் பழைய கேள்விக்காகக் காத்திருந்தாள். இன்றைக்கு நிஜமான பதில் இருந்தது.

நாத்தனார் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.