திங்கட்கிழமைச் சுவர்

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பல் வரவில்லை, பேச்சு வரவில்லை, ஆனால் கிழமை மட்டும் தெரிந்திருந்தது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை மாலை ஐந்து அடித்தால் கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் புரண்டு, இரண்டு உள்ளங்காலையும் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு சமர்த்தாகத் தூங்கிவிடுவாள். திங்கட்கிழமை மாலை மட்டும் வீட்டை இரண்டாக்குவாள். மகாராணி என்று சும்மாவா பெயர் வைத்தோம்!

டாக்டர் வயிற்றில் காற்று என்றார். என் அக்கா தொலைபேசியிலேயே கண் திருஷ்டி என்றாள். மகாராணிக்குத் திங்கட்கிழமை மட்டும் காற்று அடைக்குமா, கண் படுமா?

வேறு சமயமாக இருந்தால் வாரத்தில் ஒரு நாள்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் என் மனைவி வானொலியில் மாலைச் செய்தி வாசித்தவள். பிரசவ விடுப்பு முடிந்ததும் நிலையத்தில் ஒரே ஒரு நாள்தான் காலியாக இருக்கிறது என்றார்கள். அது திங்கட்கிழமை. இரண்டு வாரம் பார்ப்போம், வர முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"அவ இப்படிக் கத்தும்போது விட்டுட்டு எப்படிங்க போறது? மைக் முன்னாடி உட்கார்ந்தா காதுல அவ அழறதுதான் கேக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைச் செய்தி வாசிக்கும் குரலில் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். அவள் போயே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

துப்புக் கிடைத்ததும் அவளுக்குத்தான். நல்ல குளிர்காலம். கட்டிலுக்கு மேலே சுவரோடு ஒட்டிய சிறு பலகையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருக்கும். ஒரு திங்கட்கிழமை மாலை குழந்தைக்குத் தேய்க்க எடுத்தவள் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது.

"தினமும் சாயங்காலம் தண்ணியா இருக்கும். திங்கட்கிழமை மட்டும் ஸ்பூன் போட்டுச் சுரண்ட வேண்டியிருக்கு. ஏங்க, சுவத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சில்லென்றிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடை அடுப்பு. ரொட்டிக்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம்.

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், அறிவு அதற்கும் மேலே நிற்பதாக நினைப்பு. மறுநாளே ரொட்டிக்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, சாயங்காலம் அடுப்பு மூட்டுறீங்களா?"

"காலைல ஏழு மணிக்கு மூட்டுவேன், பத்து மணிக்கு அணைச்சிடுவேன். சாயங்காலம் கல்லாவுல உட்கார்ந்து கொட்டாவிதான் விடுறேன்."

"காதுல பூ சுத்தாதீங்க. சாயங்காலம் எங்க சுவர் சுடுது."

"காலைல அணைச்ச அடுப்பு சாயங்காலம் எப்படி தம்பி சுடும்? வெயிலா இருக்கும், போங்க."

வெயிலே தலைகாட்டாத மாதத்தில் இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? அவர் மாவுக் கையோடு கத்த, நான் சாக்குக்கட்டியோடு கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் மகாராணியின் கதையைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே மாறியது. "பாப்பாவுக்கா? முதல்லயே சொல்றதுக்கென்ன! திங்கட்கிழமையும் மூட்டிட்டாப் போச்சு. வழக்கம்போலக் காலைல ஏழுக்கு மூட்டட்டுமா?"

இங்கேதான் என் புத்தி குறுக்கே வந்தது. "வேண்டாம்ணே, லீவு நாள்ல நல்லாத் தூங்குங்க. எப்ப மூட்டணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்."

சைக்கிளுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லைக் கழுவி, அடுப்பில் பக்கவாட்டாக நிறுத்தினேன். மேலே ஒரு பொட்டு உறைந்த எண்ணெய் வைத்தேன். கீழே சின்னத் தீ. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பொட்டு உருகி வழிந்தது. பிறகு வாசலோரம் அந்தச் சுவர் முடியும் இடத்தில் அளந்தேன். சுவரின் தடிமன், செங்கல் நின்ற உயரத்தைப்போல மூன்று மடங்கு. ஆக, மூன்று மணி நேரம். மாலை ஐந்துக்குச் சூடு வேண்டுமென்றால் பகல் இரண்டுக்கு மூட்டினால் போதும்.

மனைவி கேட்டாள், "அப்படின்னா தினமும் காலைல பத்து மணிக்கே எண்ணெய் உருகியிருக்கணுமே?"

"நீ செய்தியை வாசி. கணக்கை நான் பார்த்துக்கறேன்."

முதல் திங்கட்கிழமை. ரொட்டிக்கடை அண்ணன் நான் சொன்னபடி பகல் இரண்டுக்கு மூட்டினார். ஐந்து மணிக்கு மனைவி புடவை கட்டிப் பை மாட்டி நின்றாள். சுவர் சில்லென்று இருந்தது. மகாராணி காலைச் சுவரில் வைத்தாள், எடுத்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆரம்பித்தாள். தூக்கினேன், ஆட்டினேன், வாய்ப்பாடு ஒப்பித்தேன். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்தேன், ஒரே உதையில் அது தரைக்குப் போனது. மனைவி பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிலையத்துக்குத் தொலைபேசினாள். ஆறு மணிக்கு வேறு யாரோ செய்தி வாசித்தார்கள். நான் வானொலியை அணைத்தேன். அவள் மறுபடி போட்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று இரவு பதினொன்றுக்குப் பால் கொடுக்க எழுந்தவள் என்னைத் தட்டி எழுப்பினாள். சுவர் இளஞ்சூடாக இருந்தது. பாட்டிலில் எண்ணெய் உருகித் தளும்பியது.

"ரெண்டு மணிக்கு மூட்டினது பதினொண்ணுக்கு வந்திருக்கு. ஒன்பது மணி நேரம். கணக்கு வாத்தியாரே, மூணு இல்ல, மூணு தடவை மூணு."

நான் வாயைப் பிளந்தேன். அப்புறம்தான் உறைத்தது. வெப்பம் ஒன்றும் நேராக நடந்து வருவதில்லை. வரிசையில் நிற்கும் சொந்தக்காரர்கள் வழியாகக் கடைசி ஆளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவதுபோல்தான். முதல் ஆள் தான் தின்று திருப்தியான பிறகே அடுத்தவருக்குக் கொஞ்சம் தள்ளுவார். ஆள் கூடக்கூட, தின்கிற வாயும் கூடும், தட்டு போக வேண்டிய தூரமும் கூடும். தடிமன் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு. ஒரு பெருக்கலை விழுங்கிவிட்டிருக்கிறேன்.

"அண்ணன் சொன்னபடி காலைலயே மூட்ட விட்டிருக்கலாம்" என்றேன் அசடு வழிய.

"நான் ஒண்ணுமே சொல்லலையே" என்று அவள் சிரித்தாள். ஒரு வாரமாகக் காணாத சிரிப்பு. இரவென்றும் பாராமல் இருவரும் சிரித்த சிரிப்பில் மகாராணி பால் குடிப்பதை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமைதான் கடைசி வாய்ப்பு. காலை எட்டு மணிக்கு அண்ணன் அடுப்பை மூட்டினார். மூட்டிய அடுப்பை வீணாக்க மனம் வராமல், இத்தனை வருடம் விற்பனைக்கு ஆகாது என்று சுடாமல் விட்டதையெல்லாம் சுட்டார். யானை ரொட்டி, மீன் ரொட்டி, என் தலையைப்போல் ஒரு வழுக்கை ரொட்டி. தெருப் பிள்ளைகளுக்கு மதியம் வரை கொண்டாட்டம்.

நான் பள்ளியிலிருந்து ஓடிவந்து சுவரைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. நாலு மணிக்கும் சில்லென்றுதான். நாலரைக்கு என் கை சூடா சுவர் சூடா என்று புரியவில்லை. மனைவி வாசலில் செருப்பை மாட்டவா வேண்டாமா என்று நின்றாள். ஐந்து மணிக்கு அவளே வந்து பாட்டிலை எடுத்தாள், சாய்த்தாள். வெள்ளைக் கட்டியைச் சுற்றி ஒரு விளிம்பு கண்ணாடிபோல் தெளிந்து, கட்டி மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்தது. மகாராணி புரண்டாள். உள்ளங்கால் இரண்டையும் சுவரில் வைத்தாள். எடுக்கவில்லை.

"போ, போ, ஓடு" என்றேன் மனைவியிடம். அவள் படியிறங்கிப் போகும் சத்தம் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஓடுவதுபோல் கேட்டது.

ஆறு மணிக்கு வானொலியைச் சத்தம் குறைத்து வைத்தேன். ரொட்டிக்கடை அண்ணன் வழுக்கை ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நுனிக்காலில் உள்ளே வந்தார். இருவரும் கட்டிலோரம் தரையில், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தோம். அவள் குரல் வந்தது. முதல் வரியில் லேசாக நடுங்கியது, இரண்டாவதில் சரியானது, மூன்றாவதில் அது அவளுடைய பழைய குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

கடைசியில் வானிலை. "நகரில் இன்று இந்த ஆண்டின் கடுமையான குளிர்..." என்று வாசித்தவள் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றாள். கேட்டுக்கொண்டிருந்த ஆயிரம் பேருக்கு அது மூச்சு வாங்குவதாகத் தோன்றியிருக்கும். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் என் காதோரம் குனிந்தார். "அடுத்த திங்கட்கிழமை என்ன சுடலாம் தம்பி?"