தறி நின்ற காட்சி

ஜாவித் கோட்டைமேட்டுப் பையன். மெக்கானிக்கல் முதலாமாண்டு. பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தான். கல்லூரிக் குறும்படப் போட்டிக்கு அவன் எடுக்க நினைத்தது, யாரோ எடுத்து எங்கேயோ தொலைத்து, பிறகு யார் கையிலோ கிடைத்த வீடியோ போன்ற ஒரு படம். அந்த வகைப் படங்களில் எப்போதும் மூன்று சிநேகிதர்கள் இருப்பார்கள். ஒருவர் தூங்கும்போதுகூட கேமராவைக் கீழே வைக்க மாட்டார், ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். மூவரும் ஒரு குழியிலோ கிணற்றிலோ எதையோ தொட்டுவிடுவார்கள். மூக்கில் ரத்தம் வரும். மறுநாள் பார்த்தால் சக்தி வந்திருக்கும். முதலில் கடைவீதியில் நாலு பேரைப் பயமுறுத்தி விளையாடுவார்கள், அப்புறம் அதிகம் பேசாத பையன் கெட்டுப்போவான். அமைதியான பையன்கள் மேல் இந்த சினிமாக்காரர்களுக்கு அப்படி என்ன கோபமோ தெரியவில்லை.

கெட்டுப்போகிற பையனாக நடிக்க கிருபாசங்கர் கிடைத்தான். கேமரா லோகப்பிரியாவுடையது. அதாவது அவளுடைய போன்தான் மூன்று பேர் போனிலும் விலை கூடியது. போதாததற்குக் கருமத்தம்பட்டியில் அவளுடைய அப்பாவுக்கு விசைத்தறி ஓடுகிற குடோன் இருந்தது. பையன் கையைத் தூக்கியதும் ஓடுகிற தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கவேண்டும் என்பது ஜாவித்தின் யோசனை.

"தறி ஓட்டறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டு எடுக்கலாமா?" என்று லோகப்பிரியா கேட்கத்தான் செய்தாள்.

"சொன்னா நடிப்பாங்க. நடிப்புன்னு தெரிஞ்சா இந்த மாதிரிப் படம் செத்துச்சு. பாக்கறவன் நெசம்னு நம்போணும். மூஞ்சி நெசமாப் பயப்படோணும்."

அவளுக்கு மனசுக்குள் லேசாக உறுத்தியது. ஆனால் அப்பாவின் குடோன், அப்பாவின் ஆட்கள், அவர்களிடம் எதற்கு அனுமதி என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பு அவளுக்கு அப்போது கொஞ்சமும் அசிங்கமாகப் படவில்லை.

அப்பா கொடுமுடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். கல்லூரிக்கு விடுமுறை விழுந்த வெள்ளிக்கிழமை அது. கிருபாசங்கரின் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். கதைப்படி கிணற்றிலிருந்து ஏறி வந்தவன் அல்லவா. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து மூக்குக்குக் கீழே பூசியதில் அது வழிந்து மோவாய்வரை இறங்கிவிட்டது. ஜாவித் வெளியே மெயின் சுவிட்ச் அருகில் நின்றுகொண்டான். கிருபாசங்கர் உடம்பு நடுங்க, கண் மேலே செருக, ஆடி ஆடிக் குடோனுக்குள் நுழைந்து கையைத் தூக்கினான். அத்தனை தறிகளும் பட்டென்று நின்றன. விளக்குக்குத் தனி லைன் என்பதால் குழல்விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

ஒடிசாப் பையன்கள் கரண்ட் போய்விட்டது என்று டீக்குக் கிளம்பினார்கள். நின்றது சென்னியம்மாள் மட்டும்தான். லோகப்பிரியா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அங்கே தறி ஓட்டுகிறவள், குடோனை ஒட்டி அப்பா ஆட்களுக்கென்று கட்டிவிட்ட லைன் வீட்டில் குடியிருக்கிறவள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தலை நனைந்து, முகமெல்லாம் குங்குமமாக, உடம்பு ஆட ஒருவன் வந்து நின்று கை தூக்குகிறான், தறி நிற்கிறது. இதைச் சினிமாவில் வைத்துப் பார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்தா? அவள் இதே மாதிரி ஆட்களைக் கோயிலில் பார்த்திருக்கிறாள். லோகப்பிரியா போனைத் தூக்கிப் பிடித்திருந்ததும் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. கோயிலில் சாமி வந்தாலும் இப்போது நாலு பேர் போனைத் தூக்கத்தான் செய்கிறார்கள்.

"ஆனைமலைத் தாயே, வந்துட்டியா!" என்று கிருபாசங்கரின் காலில் விழுந்தாள். "எங்கூட்டுக்காரருக்குக் கால்வெரலை எடுக்கோணும்ங்கறாங்க. உன்றகிட்ட வந்து கேட்டுட்டுத்தானே போனேன். எடுக்கறதா வேண்டாமா, ஒரு வாக்குச் சொல்லு தாயே!"

கிருபாசங்கருக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் காட்சிக்கென்று அவன் மனப்பாடம் செய்திருந்தது ஒரே ஒரு வசனம். அதைச் சொல்லிவிட்டான்.

"பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

சென்னியம்மாள் கும்பிட்டபடி எழுந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட நிற்காமல் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அந்தக் காட்சியால்தான் அவர்கள் வெளியிட்ட முன்னோட்டம் பிய்த்துக்கொண்டு போனது. கல்லூரிக் குழுக்களில் எல்லாம் சுற்றியது. அந்த அம்மாவை எங்கே பிடித்தீர்கள், என்னமா நடிக்கிறார் என்று கேட்காத ஆள் இல்லை. லோகப்பிரியா ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு பொம்மையைப் பதிலாகப் போட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் அவளுடைய அம்மா சாந்தாமணி தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். "நம்ம சென்னியம்மாளுக்குப் புத்தி கெட்டுப்போச்சாட்ட இருக்குது. அவ புருசன் காளிச்சாமிக்குக் கால்ல சக்கரைப் புண்ணு. ரெண்டு வெரலை எடுத்தாகோணும்னு திங்கக்கெழமைக்குத் தேதி குடுத்திருந்தாங்களாமா. போகவே இல்ல. அம்மன் வாக்குக் குடுத்துருச்சாம். இப்பக் காலு வீங்கி, ஊட்டுக்குள்ள நொழைய முடியாத நாத்தமாமா."

லோகப்பிரியா தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கிருபாசங்கரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டவன் அழுதான், அப்புறம் போனை அணைத்துவிட்டான். அடுத்து ஜாவித்தைக் கூப்பிட்டாள். "நான் எழுதுனது ஒரே ஒரு டயலாக்குதானே" என்றான். பிறகு அவனுக்கே அது கேவலமாகப் பட்டிருக்கவேண்டும். "நானும் வாரேன், பஸ் ஏறட்டா?" என்றான். அவன் உக்கடத்தில் பஸ் பிடித்து வந்து சேர்கிறவரை காத்திருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. தனியாகப் போனாள்.

காளிச்சாமி கட்டிலில் கிடந்தார். காலைச் சுற்றியிருந்த துணியில் மஞ்சள் அப்பியிருந்தது. லோகப்பிரியா மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பாடுபட்டாள்.

"வா கண்ணு, உக்காரு. காப்பி வெக்கட்டா?" என்றாள் சென்னியம்மாள்.

"அக்கா, அன்னிக்கு வந்தது சாமி இல்லீங்க. என்னோட படிக்கற பையன். நாங்க படம் எடுத்தோம்."

சென்னியம்மாள் சிரித்தாள். "வெளையாடாத கண்ணு. தறி எப்பிடி நின்னுது?"

"வெளிய இன்னொரு பையன் மெயினை அமத்துனான்."

"செரி, அமத்தட்டும். நான் எங்கூட்டுக்காரரைப் பத்திக் கேட்டதுக்கு, பாத்துக்கறேன்னு அந்தப் பையன் வாயில வந்துச்சே, அது எப்பிடி? அவனுக்கு இவரை யாருன்னு தெரியுமா? தெரியாதவன் வாயில சொல்ல வெக்கறதுதான் அவ வேலையே."

பேசிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. லோகப்பிரியா போனை எடுத்து முன்னோட்டத்தில் இருந்த அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினாள். கிருபாசங்கர் வந்தான், கை தூக்கினான், தறிகள் நின்றன, பாத்துக்கறேன் என்றான். சென்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவர் கையை நீட்டிப் போனை வாங்கி, கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பார்க்கிறவன் நிஜம் என்று நம்பவேண்டும் என்று ஜாவித் சொன்னான் அல்லவா, நம்பிவிட்டார்கள்.

வெட்டாத வீடியோ போனில் இருந்தது. அதில் சென்னியம்மாள் ஓடிப்போன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று லோகப்பிரியாவுக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னால் அவர் ஒரு அதட்டலில் காளிச்சாமியை வண்டியில் ஏற்றிவிடுவார் என்று யோசித்தாள். அப்பாவிடம் என்னவென்று சொல்வது? இன்னும் கொஞ்சநேரம் பேசிப்பார்க்கலாமே என்றும் யோசித்தாள். காளிச்சாமி காலை அசைக்கப் பார்த்து, முடியாமல் முனகினார். அவள் அந்த வீடியோவைப் போட்டாள்.

படத்தில் சென்னியம்மாள் வாசலைத் தாண்டினாள். கிருபாசங்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏய், அந்தம்மா அழுதுட்டுப் போகுதுடி" என்றான். ஜாவித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தான். "நான் பாத்துக்கறேனாம்! டேய், டாக்டரே, பீஸ் எவ்வளவு?" கேமரா குலுங்கியது, பிடித்திருந்தவள் சிரித்த சிரிப்பில். படத்தில் அவள் முகம் எங்கேயும் கிடையாது, குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "மூஞ்சி சூப்பரா உழுந்துருக்குடா! மறுக்கா வருமா? இன்னொருக்கா கால்ல உழுந்துச்சுன்னா சைடுல இருந்தும் ஒண்ணு எடுத்துக்கலாம்."

வீடியோ முடிந்தது. அந்தச் சின்ன அறையில் நிற்க லோகப்பிரியாவுக்கு இடமே இல்லாததுபோல் இருந்தது. திட்டினால் தேவலை, ஒரு அறை விட்டால் இன்னும் தேவலை என்று காத்திருந்தாள். சென்னியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்துப் புருஷனின் காலை மூடினாள், அந்நியர் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல.

"இதை ஊரெல்லாம் பாத்தாச்சுங்களா?"

"சிரிச்சது இல்லீங்க. நீங்க... நீங்க உழுந்தது வரைக்கும்."

"வண்டி இருக்குதுங்களா, அம்மணி?" என்றாள் சென்னியம்மாள்.

வீட்டுக் காரை லோகப்பிரியாவே ஓட்டினாள். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டருக்கு வந்த கோபத்தில், பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கே வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும். இப்பப் பாதத்தையே எடுக்கணும். இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

லோகப்பிரியா வாயைத் திறந்தாள். "டாக்டர், அது வந்துங்க, நாங்கதான்..."

சென்னியம்மாளின் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. தறி ஓட்டிய கை, வலித்தது.

"சாமி வாக்குன்னு நம்பி உக்காந்துட்டனுங்க," என்றாள் டாக்டரிடம். "என்ற புத்தி அவ்வளவுதானுங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் காலத்திலும் சாமி, பூதம் என்று ஆளைக் கொல்கிறீர்களே என்று இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போனார். சென்னியம்மாள் பிடியை விடாமல் லோகப்பிரியாவின் காதருகே சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாமுங்க. சொன்னா நாளைக்கு அப்பா காதுக்குப் போகும். பொண்ணு பேரைக் கெடுத்துப்போட்டாங்கன்னு அவருக்கு எங்க மேலதான் கோவம் வரும். இனி இவரு வேலைக்குப் போக முடியாது. எனக்குத் தறியும் வேணும், அந்த ஊடும் வேணுமுங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று லோகப்பிரியாவின் வாய்வரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. அதைக் கேட்டாலும் பரவாயில்லைங்க அம்மணி என்றுதான் சென்னியம்மாள் சொல்லியாகவேண்டும், வேறென்ன சொல்ல முடியும்?

டாக்டர் திரும்பி வந்தார். காரோட்டி வந்த பெண் இவள்தான் என்று நர்ஸ் சொல்லியிருக்கவேண்டும். அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நல்ல வேளை, நீயாவது எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டு வந்தியேம்மா. படிச்ச பொண்ணு ஒண்ணு பக்கத்துல இருந்தது இவங்க அதிர்ஷ்டம்."

"ஆமாங்க," என்றாள் சென்னியம்மாள்.

லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.